அப்பாவின் மன்னிப்புக் கடிதம்

என்னிடம் வருகிற நர்சிங் பிள்ளைகளிடம் நான் பெயரைக்கூட முதலில் கேட்பதில்லை. "எதிலாவது கையெழுத்துப் போட்டியா?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஏன் போட்டாய் என்றால், மேடம் போடச் சொன்னார்கள் என்பார்கள். தலையில் அடித்துக்கொள்வதற்கு எனக்கு இரண்டு கை போதாது.

மாட்டுங்காவில் இருபத்தாறு வருஷமாக வக்கீல் தொழில். வாசலில் வாலாம்பாள் என்று பலகை தொங்குகிறது. எப்போதோ ஒரு பெண்ணுக்கு அட்டெண்டன்ஸ் தகராறில் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். அது ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பரவி, இப்போது கோவண்டியிலிருந்து கோபர்கைரனே வரை எந்த நர்சிங் மாணவிக்கு மெமோ கொடுத்தாலும் என் போன்தான் அடிக்கிறது. முட்டி தேய்ந்துவிட்டது, வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லித்தான் பார்க்கிறேன். யார் கேட்கிறார்கள்!

மாரிசெல்வி அப்பாவோடு வந்தது ஒரு திங்கட்கிழமை. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், செம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருஷம். அப்பா கோமதிநாயகம் ஒரு பட்டறையில் ஸ்கூல் பை தைக்கிறவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். காலேஜோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்குக் காலையில் சர்க்கரை பார்க்காமலேயே, பார்த்ததாக ஒரு கணக்கைச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அதை நம்பி இன்சுலின் போட்டதில் மனிதர் மயங்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டார் சத்தம் போட்டார்கள். யார் தலையிலாவது கட்ட வேண்டுமே! அந்த வார டியூட்டி லிஸ்டில் அந்த வார்டுக்கு நேராக மாரிசெல்வி பெயர் இருந்தது. ஸ்டாஃப் நர்ஸை வேலையிலிருந்து அனுப்பினால் வேறு ஆள் பிடிக்க வேண்டும். மாணவி என்றால் அந்தக் கவலை இல்லை. சஸ்பெண்ட் செய்து, பரீட்சை ஃபாரத்தையும் வாங்க மறுத்துவிட்டார்கள். ஃபாரம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அது போனால் ஒரு வருஷம் போச்சு. பொய்க் கணக்கு எழுதியவள் என்று சர்ட்டிபிகேட்டில் ஏறிவிட்டால் நர்ஸ் வேலையே போச்சு.

"மேடம், நான் அன்னைக்கு அந்த வார்டுலயே இல்ல. கசம் சே, சத்தியமா. காலைல ஏழு மணிக்கே மேட்ரன் என்னைய கீழ ஊசி ரூமுக்கு அனுப்பிட்டாங்க. மத்தியானம் வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"எதுலயாவது கையெழுத்துப் போட்டியாடீ?"

"இல்ல மேடம். போடச் சொன்னாங்க. நான் போடவே மாட்டேன்னுட்டேன்."

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்ற பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பா மட்டும் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

எழுதிக் கேட்டு, இரண்டு இடத்தில் கத்தி, புதன்கிழமை காகிதங்களை வாங்கிவிட்டேன். ஊசி அறைப் பதிவேட்டின் நகல் கிடைத்தது. அன்று காலை ஏழே காலிலிருந்து அறுபத்து நாலு பேருக்கு ஊசி போட்ட விவரம், அத்தனையும் மாரிசெல்வியின் கையெழுத்தில், அடியில் அறைப் பொறுப்பு சிஸ்டரின் ஒப்பம். அப்பாடா, ஜெயித்தோம் என்று அடுத்த தாளைப் புரட்டினேன். இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு கடிதம். "என் மகள் தான் செய்த தவறை என்னிடம் ஒப்புக்கொண்டாள். பெற்றவன் என்ற முறையில் மன்னிப்புக் கேட்கிறேன்." கீழே தமிழில், கோணல்மாணலாக, சே. கோமதிநாயகம்.

எனக்கு வந்த கோபத்தில் கிளார்க் வெங்கடேஷ் கொண்டுவைத்த காப்பி ஆறிப்போனது. உடனே இரண்டு பேரையும் வரச் சொன்னேன்.

"என்ன காரியம் பண்ணியிருக்கேள்! பொண்ணு போடமாட்டேன்னு நிக்கறா, நீங்க போய் நீட்டின எடத்துலயெல்லாம் போட்டுட்டு வந்திருக்கேளே!"

"ஆபீஸ்லேர்ந்து போன் போட்டாவம்மா. அரை நாள் லீவு சொல்லிட்டுப் போனேன். கையெழுத்துப் போட்டா இதோட முடிஞ்சிரும்னாவ. புள்ளைக்குத் தெரியாம முடிஞ்சா நல்லதுன்னு நெனச்சேன்."

மாரிசெல்வி கடிதத்தை இழுத்து வாசித்தாள். அடுத்த நிமிஷமே அப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "எப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது மேடம். அவருக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரிஞ்சிருக்காது. ஏமாத்தி வாங்கிருக்காங்க, ஹராமிங்க!"

"யாராவது உங்களுக்கு இதை வாசிச்சுச் சொன்னாளா?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "இல்லம்மா."

இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டால் மேலே தோண்டுவதில்லை. தொழில் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் இது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. குர்லாவில் வண்டி மாறி, அந்தப் பாலத்தின் படிகளை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். விசாரணைக்கு வக்கீல் வரக்கூடாதாம். குடும்பத்துக்கு வேண்டியவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

பிரின்சிபால், மேட்ரன், டிரஸ்டி ஒருவர். ஊசி அறைப் பதிவேட்டை நீட்டினேன். பிரின்சிபால் அதைத் தொடக்கூட இல்லை. அப்பாவின் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். பெற்ற தகப்பனே எழுதிக் கொடுத்த பிறகு பதிவேடு எதற்கு என்றார்.

கடிதத்தை வாங்கி கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தேன். "இதை வாசியுங்கோ. சத்தமா."

இப்படிச் செய்யப் போகிறேன் என்று அவரிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். நெற்றி வியர்த்தது. மூன்று பெரிய மனிதர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாசிக்கத் தெரியாதும்மா" என்றார்.

எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. வாசிக்கத் தெரியாதவரிடம் வாங்கிய கையெழுத்து எந்தக் கோர்ட்டில் நிற்கும் என்று கேட்டேன்.

பிரின்சிபால் சளைக்கவில்லை. "எங்கள் ஆபீஸில் தமிழ் ஆள் இருக்கிறார். அவரை வைத்து விளக்கச் சொல்லித்தான் வாங்கினோம். அபுதாஹிரைக் கூப்பிடுங்கள்."

தமிழ் ஆளா? கோமதிநாயகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். போச்சுடா, மனுஷன் என்னிடமே பொய் சொல்லியிருக்கிறார்.

அபுதாஹிர் வந்தார். ஐம்பது வயசிருக்கும், மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கடிதத்தை இவருக்கு விளக்கினாயா என்று பிரின்சிபால் இந்தியில் கேட்டார். அபுதாஹிர் கோமதிநாயகத்தைப் பார்த்தார். பிறகு மாரிசெல்வியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்லை மேடம். அன்று கூட்டம் அதிகம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டினேன்" என்று இந்தியிலேயே சொன்னார்.

பிரின்சிபால் அவரைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதம் அவருக்கு மெமோ நிச்சயம் என்று தெரிந்தது. எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தாள் வந்தது. போதிய தெளிவு இல்லாததால் நடவடிக்கை கைவிடப்படுகிறது, பரீட்சை ஃபாரம் ஏற்கப்படும். தப்பு எங்களுடையது என்று ஒரு வரி? அதெல்லாம் கிடையாது. எனக்கு அதை எதிர்பார்க்கிற தெம்பும் போய்விட்டது.

மாரிசெல்வி ஃபாரத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அதோடு இணைக்க வேண்டிய சர்ட்டிபிகேட்டுகளுக்கு ஜெராக்ஸ் எடுக்க எதிர்க்கடைக்கு ஓடினாள். நானும் கோமதிநாயகமும் கேட்டருகே நின்றோம். அபுதாஹிர் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தார். கோமதிநாயகம் ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், ஒங்கள பொய் சொல்ல வச்சிட்டேனே!"

அபுதாஹிர் கையை உருவிக்கொண்டார். "ஒமக்காகச் சொல்லல அண்ணாச்சி, அந்தப் புள்ளைக்காகச் சொன்னேன். ஒரு வரி விடாம தமிழ்ல சொன்னேன்லா? ரெண்டு தடவ சொன்னேன். புள்ளைட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடும்னு தலைபாடா அடிச்சேன். கேட்டீரா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாரிசெல்வி ஜெராக்ஸ் தாள்களோடு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அபுதாஹிர் உள்ளே திரும்பிப் போய்விட்டார்.

"எப்பா, ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"நான் தப்புப் பண்ணேன், ஒன்ட்ட ஒத்துக்கிட்டேன்னு எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டியா? ஒரு போன் போட்டு எங்கிட்ட கேட்டிருக்கலாம்லாப்பா."

நான் நடுவில் புகுந்து, விடுடீ, ஜெயிச்சாச்சே என்று சொல்ல நினைத்தேன். ஆபீஸ்காரர்களின் வாயை அடைக்கத் தெரியும் எனக்கு. இதற்கு எந்த செக்ஷனைச் சொல்வது?

கோமதிநாயகம் மெல்லச் சொன்னார். "கேட்டா நீ இல்லம்ப தாயி. நீ இல்லன்னு சொல்லிட்டா, நான் அவியகிட்ட சண்ட போடணும்லா. அவ்வளவு பெரிய ஆளுகள்ட்ட எனக்குச் சண்ட போடத் தெரியாதே. அதான் கேக்கல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கி, ஜெராக்ஸோடு சேர்த்துத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஃபாரத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"ஷாலினி சித்தி கார்டியனாப் போடுவா" என்றாள். "இனிமே எனக்காக நீ எங்கயும் கையெழுத்துப் போடாதப்பா."

"சரி தாயி" என்றார் அவர்.