மீதி முப்பத்தெட்டு

அப்பாவுக்கு முப்பத்தெட்டு பேசோ வரவேண்டியிருந்தது. சவப்பெட்டிக்கு அடியில் சுண்ணாம்பைத் தூவிச் சிலுவை வரைந்துகொண்டிருந்தபோதும் ஒஃபேலியாவின் மனசு அந்தக் கணக்கைவிட்டு நகரவில்லை. நேற்று விடிகாலையில் ஐம்பது பேசோ நோட்டை அவர் கையில் கொடுத்துச் சந்தை வேலைக்கு அனுப்பியது அவள்தான். வீடிருக்கும் சிமல்வாகான் மேட்டிலிருந்து மெட்ரோவரை போகிற வேனுக்குப் பன்னிரண்டு. ஆனால் பிணவறையில் சட்டை, பெல்ட், சாவி என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தபோது பையில் ஒரு காசு இல்லை.

தம்பி ருஃபினோ வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டே அதையேதான் சொன்னான்.

"செத்தவரு பையிலயே கைய விட்டிருக்கானுங்க. வண்டி நெறைய ஆளு. ஒருத்தனுக்குக்கூடவா கண்ணு தெரியல?"

அவள் கையில் ஒட்டின சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். காசு போனால் போகட்டும். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கின பிறகு பார்த்தேன், பின் சீட்டில் தனியாகக் கிடந்தார் என்று டிரைவர் சொல்லியிருந்தான். அந்தத் 'தனியாக' என்ற சொல்தான் அவளை விடவில்லை. ஆயுசு பூரா சந்தையில் வெங்காய மூட்டை இறக்கிய மனுசன். கடைசியில் யாரும் இறக்காத மூட்டையாகக் கிடந்திருக்கிறார். ஒரு கை பட்டிருக்குமா அவர்மேல்?

வழக்கப்படி, கெட்ட காற்றை இழுக்கட்டுமென்று, நறுக்கின வெங்காயத்தை வினிகரில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். "இப்பவும் இவர வெங்காயம் விடல பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி மூக்கைத் துடைத்தபடி சொன்னாள்.

வெயில் சாய்ந்ததும் செபமாலைக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணும் வந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மகள் யாரென்று கேட்டு ஒஃபேலியாவிடம் வந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.

"உங்கப்பாவோட மீதிம்மா. முப்பத்தெட்டு. எண்ணிக்கோ."

அவள் பெயர் ஹசிந்தா. வீடுகளில் துணி துவைக்கிறவள். வேனில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் முன்னால கொடுத்துருங்க என்று அவர் நீட்டின நோட்டு அவள் கையிலிருந்து கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போனது. மீதியும் அதே கைகளின் வழியாகத் திரும்பி வந்தது. அது வந்து சேர்ந்தபோது அவர் தலை அவள் தோளில் இருந்தது.

"மூட்டை தூக்குற ஆளுன்னு கையப் பாத்தாலே தெரிஞ்சுது. தூங்கட்டும்னு விட்டேன். என் நிறுத்தம் வந்துச்சு. எந்திரிச்சா முழிச்சுக்குவாரேன்னு உக்காந்தே இருந்துட்டேன். கடைசில, ஐயா எறங்கணும்னு தட்டுனேன்..."

போலீஸ் வந்தால் நாளெல்லாம் உட்கார வைப்பான், நீ போயிரு என்று டிரைவர்தான் அவளை விரட்டியிருக்கிறான். பாதி வழியில்தான் தன் மூடின கைக்குள் அவர் காசு இருப்பது அவளுக்குத் தெரிந்தது. இன்று வேலை முடிந்ததும் வேன் நிற்கிற இடத்துக்குப் போய், அவனை விடாமல் நச்சரித்து வீட்டை விசாரித்து வந்திருக்கிறாள்.

ருஃபினோ கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

"அப்பவே தட்டியிருந்தா பொழைச்சிருப்பாரோ என்னவோ."

"நேத்துலேர்ந்து நானும் அதத்தான் தம்பி நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அடுப்பில் பட்டையும் வெல்லமும் போட்ட காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. ஒஃபேலியா மெதுவாகக் கேட்டாள்.

"கொறட்டை விட்டாராக்கா?"

"விட்டாரே. எதிர்ல ஒரு பொண்ணு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. அப்புறம் தானா நின்னுபோச்சு. நல்லா சாஞ்சுக்கிட்டாரு."

ஒஃபேலியா காசை எண்ணாமல் கைக்குள் மூடிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் அவளை உட்காரவைத்து, சர்க்கரை ரொட்டியும் காப்பியும் கொடுத்தாள். ஹசிந்தா பசியோடு தின்றாள்.

செபமாலை தொடங்கியது. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று எல்லோரும் முணுமுணுக்க, விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய்வந்த உடம்பு மெல்லச் சரிந்தது. ஹசிந்தாவின் தலை ஒஃபேலியாவின் தோளில் வந்து நின்றது.

காப்பி ஊற்ற வரச்சொல்லி அடுப்பருகிலிருந்து ருஃபினோ கைகாட்டினான். ஒஃபேலியா அசையவில்லை. அவள் தோளில் சாய்ந்திருந்த தலையை அவன் பார்த்தான். பிறகு தானே ஊற்றி, முதல் கோப்பையை வரிசை முனையில் இருந்தவரிடம் நீட்டினான். கோப்பைகள் கைமாறிக் கைமாறி, தூங்குகிறவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

தோள் மரத்துப்போயிற்று. உள்ளங்கையில் காசு சூடாக இருந்தது. காதோரம் மெல்லிய குறட்டை. அது நிற்காமல் வருகிறதா என்று ஒஃபேலியா மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.