கழுத்தணியில் எழுதியிருந்தது

அக்கா தொலைபேசியில் கூப்பிட்டபோது இளையவள் பட்டறையில் நின்றுகொண்டிருந்தாள். மெருகு முடிந்த முதல் கழுத்தணி, கறுப்புத் துணி விரித்த மேசைமேல் கிடந்தது.

அந்த வருடத்து நகை வரிசைக்குப் 'பழைய பேரரசுகள்' என்று பெயர். நிறுவனம் வடிவமைப்பாளர்களுக்கு ஆளுக்கொரு நாகரிகத்தைப் பிரித்துக் கொடுத்தது. இளையவள் அருங்காட்சியகத்தில் மூன்று நாள் சுற்றினாள். ராணிகளின் கிரீடங்களையெல்லாம் யார் யாரோ நகலெடுத்துத் தீர்த்திருந்தார்கள். ஒரு மூலையில், 'கழுத்து வளையம், வெண்கலம்' என்ற சீட்டோடு அது இருந்தது. சுற்றிலும் எழுத்து, ஈர மண்ணில் குருவி நடந்துபோன மாதிரி. பார்த்ததும் கை பரபரத்தது. தரையிலேயே உட்கார்ந்து வரைந்தாள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா. படத்தை அனுப்பினாள். ஆனால் பதில் வரும்வரை பொறுக்கவில்லை. அதற்குள் தங்கத்தை உருக்கி, எழுத்துகளில் வைரமும் பதித்தாயிற்று.

“இது நகை இல்லடி,” என்றாள் அக்கா. “ஓடிப்போன அடிமையைப் பிடிச்சு மாட்டினது. 'நான் ஓடிவந்தவள். என்னைப் பிடித்து எசமானிடம் ஒப்படை.' அதான் எழுதியிருக்கு.”

இளையவள் மேசையைப் பார்த்தபடியே, “இதையெல்லாம் யாருக்குக்கா படிக்கத் தெரியும்?” என்றாள்.

“எனக்குத் தெரியுமே,” என்றாள் அக்கா.

நிறுவன நிர்வாகி அர்த்தம் கேட்டபோது, இளையவள் 'என்னோடு இரு' என்று சொன்னாள். பொய் அத்தனை சரளமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். அதையே நகையோடு வைக்கும் அட்டையில் அச்சடித்தார்கள். விளம்பரம் வெளியான அன்றிலிருந்து அக்கா கூப்பிடுவதில்லை. இவள் கூப்பிட்டால் எடுப்பாள், உடம்பு எப்படி என்பாள், வைத்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே திட்டித் திட்டி வளர்த்தவள் இப்போது ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் முள்ளாகக் குத்தியது.

கடைசிக் கழுத்தணியை ஒரு தொழிலதிபர் கல்யாண நாளுக்காக மனைவிக்கு வாங்கினார். அளவு பார்க்க இளையவளையே வரச் சொன்னார்கள். அவர் சன்னலோரம் நின்று யாருடனோ வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்த அந்த அம்மாள் எழுத்துகளைத் தடவிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று இளையவளுக்குத் தெரியும். நாக்கு அட்டையில் இருந்ததையே சொன்னது.

அந்த அம்மாள் கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். “முப்பது வருஷத்துல இவர் வாய்விட்டு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா,” என்றாள். எழுத்துகளை மறுபடி ஒருமுறை தடவினாள்.

அந்தக் குரல் இளையவளை விடவில்லை. பென்சிலை எடுத்தால் காகிதம் வெறுங்காகிதமாகவே இருந்தது. மறுவாரம் ஒரு முற்பகலில், கொக்கியைச் சரிபார்க்க வந்ததாகச் சாக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். எப்படியாவது சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனாள்.

அந்த அம்மாள்தான் கதவைத் திறந்தாள். வீட்டில் உடுத்தும் நைந்த பருத்தி உடை, கையில் மாவு, கழுத்தில் அது.

“நல்லவேளை வந்தீங்க. பின்னாடி கொக்கி எனக்கு எட்டவே மாட்டேங்குது. மாட்டுறது கழட்டுறது எல்லாம் அவர்தான்.”

பழைய வளையத்தில் இருந்தபடியே அந்தப் பூட்டை வரைந்தவள் இளையவள். போட்டிருப்பவரின் கைக்கு அகப்படாதது. அருங்காட்சியகத்தில் அதை ஒரு நேர்த்தியாகத்தான் பார்த்திருந்தாள்.

அந்த அம்மாள் கையைத் துடைத்துவிட்டு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, கூந்தலை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். பிடரியில் தங்கத்தின் விளிம்பை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது.

“கழட்டிடட்டுமாம்மா?”

“வேண்டாம், கொஞ்சம் தளர்த்தி மட்டும் விடுங்க. அவர் வர்றப்ப கழுத்துல இல்லன்னா கேப்பாரு.”

இளையவளின் விரல் பூட்டின்மேல் இருந்தது. அந்த அம்மாள் கூந்தலைத் தூக்கிப் பிடித்தபடி, தலை குனிந்து, அசையாமல் காத்திருந்தாள்.