வேம்பார்க் கரையின் ஆமைக்குழி

வேம்பார்க் கடற்கரையில் பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடும் குழிகளைக் காப்பதற்கு வனத்துறை ஜெர்லினை வேலைக்கு வைத்திருந்தது. குழியைச் சுற்றிக் கம்பு நட்டு வலை கட்டுவாள், நாய்களை விரட்டுவாள். அந்த மாசியில் மிஞ்சியிருந்தது ஒரே குழிதான். மற்றவற்றை நாய்களும் கடலரிப்பும் கொண்டுபோய்விட்டன.

ஒருநாள் காலை அவள் போனபோது வலை கத்தியால் அறுபட்டுக் கிடந்தது. குழி காலி. ஈர மணலில் பதிந்திருந்த காலடிகள் அவள் அண்ணன் ஜாய்சன் வீட்டுப் பக்கம் போயின.

அடுப்படியில் வாளி நிறைய முட்டைகள். பக்கத்தில் அண்ணன் மனைவி பிலோமி, மகளை மடியில் கிடத்தி நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு மூச்சு விசிலடித்தது.

"இளைப்புக்கு ஆமை முட்ட கேக்கும்னு சொல்லுதாவ," என்றான் ஜாய்சன். "ஆஸ்பத்திரிக்கு நடந்து என்னத்தக் கண்டோம்? ஏளா, நாய் தின்னுட்டுன்னு சொல்லிரு."

"இதத் தின்னா இளைப்பு போவாதுண்ணே. உள்ள உயிரு கெடக்கு."

"எம்பிள்ள உயிரு இல்லியா?" என்று கேட்டாள் பிலோமி.

ஜெர்லின் வாளியைத் தூக்கினாள். அண்ணன் தடுக்கவில்லை. பாதி வளர்ந்த முட்டை புரண்டால் உள்ளே இருக்கும் குஞ்சு செத்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் குலுங்காமல் நடந்துபோய் மறுபடி புதைத்தாள்.

வனக்காப்பாளர் மகாராஜன் பைக்கை நிறுத்தி, கலைந்து கிடந்த மணலைப் பார்த்து, "நாயாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் நம்பியிருப்பார்.

"இல்ல சார். எங்க அண்ணன்."



அன்று மதியமே வனத்துறையினர் ஜாய்சனைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. ஒரு காலை பிள்ளைக்கு இழுப்பு அதிகமானபோது ஜெர்லின் ஆட்டோ கூட்டிவந்து வாசலில் நின்றாள். பிலோமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

குஞ்சுகள் வெளியே வரவேண்டிய நாள் கடந்தது. மகாராஜனும் அவளும் குழியைத் தோண்டினார்கள். முட்டைகள் அழுகிக் கூழாகியிருந்தன. சிலவற்றுக்குள் நகமளவு ஆமை, கண் மட்டும் கறுத்திருந்தது. மகாராஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீ செஞ்சது சரிதாம்மா," என்றார். அவள் மணலைத் தள்ளிக் குழியை மூடினாள்.

மறுவாரம் சிறைக்குப் போய் அண்ணனைப் பார்த்தாள். மெலிந்திருந்தான்.

"பிள்ள எப்பிடி இருக்கா?"

"அப்பிடியேதான் இருக்கா."

"குஞ்சு வந்திச்சா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். "ஒண்ணுகூட வரலண்ணே."

கம்பியைப் பிடித்திருந்த கையை அவன் எடுத்துக்கொண்டான். "பின்ன என்னய எதுக்குப் புடிச்சுக் குடுத்த?"

அவன் குரலில் கோபம்கூட இல்லை. திரும்பி உள்ளே போய்விட்டான். பிலோமிக்குத் தன்னிடம் அவன் எந்தச் சேதியும் சொல்லிவிடவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.