கருப்பா, பிரவுனா

நாலு மாதமாக அந்த வீட்டில் ஒரே கேள்விதான். கருப்பா, பிரவுனா? காலையில் பல் தேய்க்கும்போதும் அதே கேள்வி, ராத்திரி தட்டில் தோசை விழும்போதும் அதே கேள்வி. கேட்டுக்கொண்டிருந்தவர் ஜெயப்பிரகாஷ். நெய்வேலி சுரங்கத்தில் ஒரு செக்‌ஷனுக்கே அதிகாரி, டவுன்ஷிப்பில் மாமரமும் கார் ஷெட்டும் வைத்த பெரிய குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். பதில் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் இருந்தவள் அவர் மனைவி சத்யப்பிரியா. அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருகிறவள். ஒரே கேள்வியை வகுப்பு முழுக்கக் கேட்டாலும் முகம் சுளிக்காதவள். அவளுக்கே குமட்டிப்போயிற்று.

விஷயம் ஒரு கைக்கடிகாரம். கடலுக்கு அடியில் முங்குகிறவர்கள் கட்டிக்கொள்வதற்கென்று செய்த ஜாதி. முந்நூறு மீட்டர் ஆழம் போனாலும் ஒரு பொட்டுத் தண்ணீர் புகாதாம். அதிலும் இது அறுபது வருஷத்துக்கு முந்தின மாடலை அச்சு அசலாகத் திரும்பச் செய்தது. உலகத்துக்கே சில நூறு மட்டும் செய்து, ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் வெட்டி விற்கிறார்கள். ஒன்றின் டயல் கருப்பு, இன்னொன்றின் டயல் பிரவுன். அந்தப் பிரவுனுக்குத் தனியாக ஒரு புராணம் உண்டு. அந்தக் காலத்துக் கருப்பு டயல்களில் சில, வெயிலில் கிடந்து பழுப்பேறிக் கெட்டுப்போயினவாம். கெட்டுப்போனதற்குத்தான் இப்போது மவுசாம். ஆகவே கம்பெனியே கெட்டுப்போன நிறத்தில் புத்தம் புதிதாகச் செய்கிறது. முள்ளில் இருக்கும் ரேடியத்தைக்கூட மஞ்சள் பூத்தமாதிரி பூசிவைத்திருக்கிறார்கள்.

"பழுப்பேறினதுக்கா இவ்வளவு கொடுக்கறீங்க?" என்று சத்யப்பிரியா ஒரே ஒரு தடவை கேட்டாள். "நம்ம ஊர்ல ஒரு வெள்ளை வேட்டியக் கொடியில போடுங்க. நிலக்கரிப் புழுதியில சாயங்காலத்துக்குள்ள இலவசமா ஆயிடும்."

"உனக்கு ஹெரிட்டேஜ் புரியாது சத்யா," என்றார் ஜெயப்பிரகாஷ்.

இத்தனைக்கும் மனிதர் தண்ணீரைக் கண்டால் தள்ளி நிற்கிற ஆள். டவுன்ஷிப் நீச்சல்குளத்துக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறார், அதுவும் விழாவுக்குத் தலைமை தாங்க. கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பேண்ட்டை மடித்துவிட்டு, கணுக்கால் நனைகிற இடத்தில் நின்று, "அலை ஜாஸ்தியா இருக்கு" என்று திரும்பிவிடுவார். வீட்டில் ஷவரைத் திறக்கமாட்டார், மூச்சு முட்டுமாம். பக்கெட்டில் மொண்டு மொண்டு குளிப்பவருக்கு முந்நூறு மீட்டர் எதற்கு என்று எந்தக் கடைக்காரனும் கேட்கவில்லை.

இரண்டு கடிகாரத்தின் படத்தையும் அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, வட்டமாகக் கத்தரித்து, ரப்பர் பேண்டு போட்டு மணிக்கட்டில் மாட்டிப் பார்த்தார். வலது கையில் கருப்பு, இடது கையில் பிரவுன். காகிதக் கடிகாரத்தோடு சாம்பார் சாதம் பிசைந்தார். உதவிப் பொறியாளர் கிளமென்ட் வந்தால் அவனிடமும் இரண்டு கையையும் நீட்டுவார். கிளமென்ட் சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சார் எதை நினைக்கிறாரோ அதையே சொல்வான். அந்த வித்தையில்தான் அவன் அந்த செக்‌ஷனில் காலம் தள்ளினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் குரோட்டன்ஸ் வெட்டிக்கொண்டிருந்த பன்னீர்செல்வத்திடமும் கையை நீட்டினார். பன்னீர்செல்வம் கம்மாபுரம் பக்கத்து ஆள். அவன் அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனது, அவனுக்குக் கிடைத்தது காண்ட்ராக்ட் வேலை. தலையில் நரை விழுந்த பிறகும் காண்ட்ராக்ட்தான். சார் வீட்டில் செடி வெட்டுவது எந்தக் காண்ட்ராக்ட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் வெட்டினான், காரணம் இருந்தது. அந்த வருஷம் செக்‌ஷனிலிருந்து ஒரே ஒருவரைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லிப் பரிந்துரைக்கலாம், முறைப்படி அடுத்த பெயர் அவனுடையது. அந்த வருஷம் தவறினால் வயசு தாண்டிவிடும், பிறகு சாகும்வரை காண்ட்ராக்ட்தான். காகிதம் தயாராகி சாரின் வீட்டு மேசைக்கு வந்து வெகுநாளாயிற்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதன்மேல் கடிகாரப் படங்களை வெட்டிய துண்டுக் காகிதங்கள் குவிந்துகிடந்தன.

"கருப்பா, பிரவுனா? சொல்லு பன்னீர்."

அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, இரண்டையும் உற்றுப் பார்த்தான். "இதுல எதுங்க சார் டைம் கரெக்ட்டா காட்டும்?"

ஜெயப்பிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று கிளப்பில் அதைச் சொல்லிச் சிரித்தார். மறுவாரம் சத்யப்பிரியாவின் தம்பியிடம் போனில் சொல்லிச் சிரித்தார். அந்த நாலு மாதத்தில் அந்த வீட்டில் யாராவது உருப்படியாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று சத்யப்பிரியாவுக்குத் தோன்றியது.

கடைசியில் பிரவுன் ஜெயித்தது. சென்னைக்குத் தானே போய், குழந்தையைத் தூக்கி வருவதுபோல் வாங்கி வந்தார். டயலைச் சுற்றி ஒரு பல்வைத்த வளையம் இருந்தது. கடலுக்குள் எத்தனை நிமிஷம் இருந்தோம் என்று அதைத் திருப்பி வைத்துக் கணக்குப் பார்ப்பார்களாம். இவர் அதைத் திருப்பி முட்டை வெந்துவிட்டதா என்று பார்த்தார். ஓரத்தில் சாவி கொடுக்கும் குமிழ் ஒன்று. அதைப் பற்றி வீட்டில் தினமும் பாடம் நடந்தது. "இந்தக் க்ரௌன் இருக்கு பாரு, இதை அமுக்கித் திருகி மூடிட்டா சமுத்திரமே வந்தாலும் உள்ள போகாது. திறந்திருந்தா ஒரு டம்ளர் தண்ணி போதும், முடிஞ்சுது." இதைப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்கும் அளவுக்குச் சத்யப்பிரியாவின் காது தேய்ந்திருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அன்று ஒரு நாள்தான் குடும்பத்தோடு சுரங்கத்துக்குள் போகலாம். மண் வெட்டும் ராட்சத எந்திரத்தைக் கழுவி, சந்தனம் தடவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு மேசை போட்டு, அவரவர் தொழில் சாமானை வைத்தார்கள். ஸ்பானர், சுத்தியல், டார்ச் லைட், ஹெல்மெட். கிளமென்ட்கூடத் தன் பேனாவை வைத்தான். ஜெயப்பிரகாஷ் கடிகாரத்தைக் கழற்றி நட்டநடுவில் வைத்தார்.

வைத்தவர் சும்மா இருக்கவில்லை. அவருக்குப் போனில் ஒரு குரூப் இருந்தது, அவரைப்போல் கடிகாரப் பித்துப் பிடித்தவர்கள். அவர்கள் படம் எடுத்தால் மணி பத்து பத்து காட்டவேண்டுமாம், அப்போதுதான் இரண்டு முள்ளும் கையைத் தூக்கினாற்போல் லட்சணமாக இருக்குமாம். உண்மையில் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. குமிழைத் திருகித் திறந்து, வெளியே இழுத்து, முள்ளைப் பத்து பத்தில் நிறுத்தி, எந்திரம் பின்னால் தெரிகிறமாதிரி படம் எடுத்தார். கடிகார குரூப்புக்கும் போட்டார், செக்‌ஷன் குரூப்புக்கும் வாழ்த்து என்று போட்டார். அதற்குள் மேலதிகாரியின் ஜீப் வந்துவிட, கும்பிட்டுக்கொண்டு ஓடினார். குமிழ் திறந்தபடியே கிடந்தது.

சத்யப்பிரியா பார்த்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் நாலு மாத எரிச்சல் நாக்கை அமுக்கிப் பிடித்தது. முங்கட்டும், ஒரு தடவையாவது முங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. வழக்கம்போல் பன்னீர்செல்வம் பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து ஒவ்வொரு சாமான் மேலும் தெளித்துப் பொட்டு வைத்தான். கடிகாரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

"சார், வாட்சு மேலயும் தெளிக்கட்டுங்களா?"

மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். விடுவாரா ஜெயப்பிரகாஷ்? "தெளிக்கறதா? ஊத்துய்யா. நம்ம மைன்ஸ இன்னும் மூணு பங்கு தோண்டி, தண்ணி ரொப்பி அடியில போட்டாலும் இதுக்கு ஒன்னும் ஆகாது."

பன்னீர்செல்வம் ஒரு உள்ளங்கைத் தண்ணீர் ஊற்றி, பயபக்தியாகக் குங்குமமும் வைத்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தது. முள் நகரவில்லை. பிரவுன் டயலில் மஞ்சள் பரவி, விளிம்பில் திட்டுத்திட்டாகக் கறை நின்றது. கம்பெனி அத்தனை பாடுபட்டுப் பூசிய பழுப்புக்கு மேல் நிஜமான பழுப்பு ஏறிவிட்டது. சத்யப்பிரியாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. கூடத்தில் ஜெயப்பிரகாஷ் சென்னைக் கடைக்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். க்ரௌன் திறந்திருந்ததா என்று அவன் கேட்டிருக்கவேண்டும். "நான் எதுக்குத் திறக்கறேன்? எங்க காண்ட்ராக்ட் ஆள் ஒருத்தன் நோண்டிட்டான்." கடைக்காரனிடம் ஒரு தடவை, கடிகார குரூப்பில் ஒரு தடவை. குரூப்பில் இருந்தவர்கள் அழுகிற பொம்மைகளை அனுப்பி ஆறுதல் சொன்னார்கள். இரண்டு தடவை சொன்னதும் பொய் அவருக்கே உண்மையாகிவிட்டது. படுக்கப் போகுமுன் கிளமென்ட்டைக் கூப்பிட்டு, பன்னீர்செல்வத்தின் பெயரை எடுத்துவிட்டு அடுத்த பெயரைப் போட்டுப் புதுக் காகிதம் கொண்டுவரச் சொன்னார். அந்த ஏவலைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சத்யப்பிரியா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். இவர் தலையில் விழட்டும் என்று விட்ட தண்ணீர் யார் தலையில் விழுந்திருக்கிறது. அவர்மேல் வந்த அருவருப்பில் ஒரு பங்கு தன்மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளமென்ட் காகிதத்தோடு வந்தான். விஷயம் கேள்விப்பட்டுப் பன்னீர்செல்வமும் வந்து செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வாசல்படிக்குக் கீழே நின்றான்.

"சார், நான் ஒண்ணியும் தொடலைங்க. ஊத்துன்னு சொன்னீங்க, ஊத்தினேன். எதுனா தப்பா ஆயிருந்தா மன்னிச்சிக்குங்க. வூட்ல பெர்மனென்ட்டு ஆயிடும்னு சொல்லிகினு இருக்கிறாங்க."

"பார்த்தியா கிளமென்ட், செஞ்சதையும் செஞ்சுட்டு," என்றார் ஜெயப்பிரகாஷ். அப்போதும் அவர் கையில் அந்த ஓடாத கடிகாரம் இருந்தது.

"பன்னீர், உள்ள வாங்க," என்றாள் சத்யப்பிரியா. அவன் தயங்கினான். அவள் மறுபடி சொன்னதும் படியேறி வந்தான். டீப்பாய்மேல் கிடந்த கணவரின் போனை எடுத்து, செக்‌ஷன் குரூப்பில் அவரே போட்ட படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, கிளமென்ட்டிடம் நீட்டினாள்.

"இந்தக் குமிழ் உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

கிளமென்ட் வழக்கப்படி சாரின் முகத்தைப் பார்த்தான்.

"அவர் மூஞ்சியில இல்ல கிளமென்ட், போன்ல பாருங்க."

"வெளியதான் மேடம் இருக்கு," என்றான் கிளமென்ட்.

"படம் எடுத்தது யாரு? பன்னீரா? அவர் தண்ணி ஊத்தினது இதுக்குப் பின்னாடி. இவர் இழுத்துவிட்டதையும் பார்த்தேன், மூடாம போனதையும் பார்த்தேன். சொல்லாம நின்னது என் தப்பு. அதுக்குப் பன்னீர் எதுக்குங்க அழணும்?"

"வெளியாளுங்க முன்னாடி என்ன பேச்சு இது?" என்றார் ஜெயப்பிரகாஷ். அவரைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. பொய் என்று தெரிந்த பிறகும் அவர் முகத்தில் வெட்கம் இல்லை, மாட்டிக்கொண்ட எரிச்சல்தான் இருந்தது. இந்த ஆளிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. அவர் எதற்குப் பயப்படுவார் என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

மேசைக்குப் போய் துண்டுக் காகிதங்களைத் தள்ளிவிட்டுப் பழைய காகிதத்தை எடுத்துவந்தாள். கிளமென்ட் கொண்டுவந்த புதுக் காகிதத்தையும் வாங்கி, இரண்டையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க வாட்ச் குரூப்லயும் இதே போட்டோ இருக்கு. அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி எழுதறேன். க்ரௌனத் திறந்துவெச்சுட்டு மஞ்சத் தண்ணி ஊத்தச் சொன்னது நானேதான், அப்படின்னு. டைவ் வாட்ச்ச டேபிள்மேல வெச்சு முங்கடிச்ச ஆளுன்னு ஊர் ஊரா சிரிப்பாங்க. எழுதட்டுமா, இல்ல கையெழுத்துப் போடறீங்களா? நாலு மாசம்லாம் யோசிக்க முடியாது, சொல்லிட்டேன்."

அந்த மனிதரை மேலதிகாரியைச் சொல்லி மிரட்டியிருந்தால் சமாளித்திருப்பார். ஏழை வயிற்றில் அடிக்காதீர்கள் என்று கெஞ்சியிருந்தால் உபதேசம் பண்ணியிருப்பார். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்தக் கடிகாரப் பித்தர்கள் சிரிப்பார்கள் என்றதும் முகம் வெளுத்தது. பேனாவை எடுத்தார். பழைய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷம் இந்த ஆளோடு குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று சத்யப்பிரியாவுக்குத் தோன்றியது.

காகிதத்தை அவரிடம் விட்டுவைக்காமல் கிளமென்ட்டிடம் கொடுத்து, காலையில் முதல் வேலையாக ஆபீஸில் சேர்க்கச் சொன்னாள். பன்னீர்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டான். பிறகு படியிறங்கியதும் பழக்கதோஷத்தில் அவன் கை சுவரோரம் சாய்ந்திருந்த செடி வெட்டும் கத்தரிக்குப் போனது.

"அதைக் குடுங்க பன்னீர்," என்று சத்யப்பிரியா வாங்கிக்கொண்டாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. இனிமே இங்க செடி வெட்ட வரவேணாம்."

உள்ளே வந்து கத்தரியைக் கணவரின் மடியில் வைத்தாள். "குரோட்டன்ஸ் காடாக் கிடக்குது. போய் வெட்டுங்க."

ஜெயப்பிரகாஷ் கத்தரியைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, டயலில் படிந்த மஞ்சள் கறையைக் கண்ணாடிக்கு மேலே கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கருப்பையே எடுத்திருக்கணும் சத்யா," என்றார். "கறை தெரிஞ்சிருக்காது."