திரையில் கரையேறிய வள்ளம்

புயல் எச்சரிக்கை கேட்டு, வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் குளச்சல் கரைக்கு ஓடிவந்தன. மீனவர் சங்க அலுவலகத்தில், தான் எழுதிய நிரலின் திரைமுன் அமர்ந்திருந்தாள் சுஜி. கரையேறும் வள்ளத்தின் பெயரைத் தட்டினால் போதும். ‘கடலில்’ என்பது ‘கரையில்’ என்று மாறும். கடைசியாக ‘அந்தோணியார்’ என்ற வள்ளமும் கரையேற, திரையில் கடல் காலியானது. திரும்பாதவர்களைத் தேடப் போன படகுகளைத் திரும்ப அழைத்துவிட்டார் செயலாளர் எட்சன்.

அப்போதுதான் மீனவன் சூசையின் மனைவி பிலோமி நனைந்த சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

“ஏட்டி சுஜி, எங்க வள்ளம் எங்கட்டி?”

“வந்தாச்சுல்லாக்கா? இன்னா, அந்தோணியார். கரையில,” என்று திரையைக் காட்டினாள் சுஜி.

“கரையில நாந்தாம்ட்டி நிக்கேன். உன் பெட்டிக்குள்ளயா வள்ளத்தக் கட்டிப் போட்டிருக்கு?”

சுஜி உடனே நிரலைத் திறந்தாள். தட்டிய பெயரை ‘மாறி’ என்னும் நினைவுப் பெட்டியில் வாங்கி, அந்த எழுத்துச் சரத்தை அப்படியே கட்டளையோடு ஒட்டியிருந்தாள்: பெயர் இதுவானால், நிலையை மாற்று. பெயர் மட்டும்! பதிவெண்ணை அவள் கேட்கவே இல்லை. புனிதர் பெயர் சூட்டாத வள்ளம் இந்தக் கரையில் எத்தனை? எந்த அந்தோணியார் என்று கணினி கேட்குமா? இன்னொரு மீனவன் ஜிபினின் அந்தோணியார் மண்ணைத் தொட்ட நொடியில், சூசையின் அந்தோணியாரையும் அது கரையேற்றிவிட்டது. அலையோடு மல்லுக்கட்டும் மனிதனைக் கரையில் நிற்கிறான் என்று எழுதிவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருக்கிறது ஒரு சங்கம்!

எட்சன் குனிந்து மெல்லச் சொன்னார்: “சத்தம் போடாத மக்கா. வெளியில தெரிஞ்சா நம்ம திட்டத்த ஒருத்தனும் நம்ப மாட்டான். ரெண்டு படக மட்டும் சொல்லாம கொள்ளாம அனுப்புவோம்.”

“இந்தக் கடலுக்கு ரெண்டு படகு போதுமா அண்ணே?”

வெளியே காற்று தகரக் கூரைகளைப் பிடித்து உலுக்கியது. சங்கத்தின் மானம் பெரிதா, சூசையின் மூச்சு பெரிதா? சூசையின் வள்ளத்தை அதன் பதிவெண்ணால் மறுபடி ‘கடலில்’ என்று மாற்றிவிட்டு, ஒலிபெருக்கியை முடுக்கினாள் சுஜி.

“சூசையண்ணன் வள்ளம் வரல்ல. வந்துட்டுண்ணு காட்டினது நான் செய்த தப்பு. எஞ்சின் உள்ளவங்க எல்லாரும் இறங்குங்க.”

கரையிலிருந்து வசவு எழுந்தது. வசவோடு வசவாக எஞ்சின்களும் உறுமின.

பிலோமி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயர்லெஸ் அருகிலேயே கல்லாய் நின்றாள். வெகுநேரம் இரைச்சல் மட்டுமே வந்தது. பிறகு ஜிபினின் குரல் உடைந்து உடைந்து கேட்டது: “ஆளு இருக்கு... எஞ்சின் நின்னு போச்சு... கயிறு கட்டி இழுக்கோம்...”

பிலோமி தரையில் சரிந்து அமர்ந்து அழுதாள்.

“மாத்து மக்கா, கரையிலண்ணு மாத்து,” என்றார் எட்சன்.

சுஜி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“கால் மண்ணில படட்டும் அண்ணே.”