பதினேழாவது ஆள் சொன்னது

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் மனத்தில் தானாக முளைத்த கதை அல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே என்னென்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று காட்டும். ஆராய்ச்சியை அப்படியே காட்டினால் வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. என்னைக் கூப்பிட்டார்கள். ஓர் ஆய்வைக் கதையாக்கித் தர வேண்டும், சுவரில் மாட்டுவார்களாம். கரும்பு தின்னக் கூலியா? சரி என்றேன்.

ஆய்வு அக்காவுடையது. உறவில் எனக்கு அக்கா முறை இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாணவர் சேவைப் பிரிவில் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். விடுதி அறை, சான்றிதழ், தொலைந்த அடையாள அட்டை, அழுகை எல்லாம் அந்தக் கவுண்டருக்குத்தான் வரும். மாணவர்கள் 'கவுண்டர் அக்கா' என்பார்கள், நானும் பழகிவிட்டேன். பகலில் வேலை, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி என்று ஆறு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் ஏன் அதை ஒருவரிடமும் சொல்வதில்லை? இதுதான் அவருடைய கேள்வி. அப்படிப்பட்ட பதினேழு பேரைத் தேடிப்பிடித்துப் பேச வைத்திருந்தார். கதையிலும் பயன்படுத்தலாம் என்று பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்.

அவர்கள் பேசியதை எழுதிவைத்த தாள்கட்டு என் கைக்கு வந்தது. பதினாறு பேரைப் படித்தேன். பதினேழைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

2

முதல் தொடக்கம்: தினமும் காலை எட்டு மணிக்கு அந்த

[அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று

[இதுவும் போச்சு. இந்தப் பக்கங்களை அக்கா படித்துவிட்டு ஓரத்தில் எழுதிய குறிப்பு: "அப்பாவையும் எடுங்க சார்." எடுத்துவிட்டேன், இங்கே இரண்டு இடத்திலும் நிற்பது நானாகப் போட்ட சொல். அது அம்மாவாகவும் இருக்கலாம், யாரும் இல்லாமலும் இருக்கலாம். ஆணா பெண்ணா என்றுகூட வாயைத் திறக்க மாட்டேன்.]

3

பொதுமக்கள் நாளுக்குப் பதினொரு நாள் இருந்தபோது அக்கா போன் செய்தார்.

"சார், பதினேழு விலகிட்டாங்க."

"விலகிட்டாங்கன்னா?"

"சொன்னதையெல்லாம் எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட இருக்கற பக்கத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. கதையில வந்திருந்தா அதையும் எடுத்துடுங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. என் கதையே பதினேழுதான். மற்ற பதினாறு பேரும் ஆளுக்கொரு வரி வந்துபோகிறவர்கள்.

"ஏனாம்?"

"கேக்கல."

"கேக்கவே இல்லையா!"

"காரணம் கேக்க மாட்டோம்னு படிவத்துல இருக்கு சார்."

4

அக்காவின் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரின் அறைக்கு நானும் போனேன். அக்காவுக்குத் துணையாக என்று எழுத ஆசைதான். நெறியாளர் பக்கம் பேசத்தான் போனேன்.

நல்ல மனிதர் அவர். குரலை உயர்த்தவில்லை. துறையின் அச்சிட்ட படிவத்தை எடுத்து வைத்தார். பேசிய நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. எட்டு மாதம் ஆகிவிட்டது. அக்கா பைக்குள்ளிருந்து பதினேழின் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 'இரண்டு வாரங்களுக்குள்' அடிக்கப்பட்டு, மேலே நீல மையில் 'எப்போது வேண்டுமானாலும்' என்றிருந்தது. கீழே அக்காவின் சுருக்கொப்பம்.

"யார் இப்படித் திருத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். பேச வந்த பிள்ளை ஒரு மணி நேரம் வாயே திறக்கல. 'ரெண்டு வாரம் கழிச்சு பயம் வந்தா என்னக்கா பண்றது'ன்னு அது ஒண்ணுதான் கேட்டுச்சு. பேனாவை எடுத்து அடிச்சுட்டு இப்படி எழுதினேன். அப்புறம்தான் பேசிச்சு."

"நாலாவது அத்தியாயம் முழுக்க இது மேலதான் நிக்குது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இன்னொரு நீட்டிப்பு குடுக்க மாட்டாங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள முடிச்சாகணும். இல்லன்னா ஆறு வருஷமும் போச்சு."

"தெரியும் சார்."

சும்மா இருந்திருக்கலாம். நான் என் பங்குக்கு வாயைக் கொடுத்தேன். "பேரே இல்லையேம்மா. வெறும் நம்பர். யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "பேர் இல்லன்னா ஆள் இல்லன்னு ஆயிடுமா சார்? வீட்டுல இருக்கறவங்க முதல் வரியிலயே கண்டுபிடிச்சுடுவாங்க."

அதற்குமேல் பேசிப் பயனில்லை. தலையே போனாலும் அவர் பிடித்த பிடியை விடப்போவதில்லை என்று நெறியாளருக்கும் தெரிந்துவிட்டது. "உங்க இஷ்டம்" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்.

5

நான் விடவில்லை. பதினேழை நடுத்தர வயதுக்காரர் ஆக்கினேன். ஊரை மாற்றினேன். படிப்பை வேலையாக்கினேன். அக்காவின் குறிப்பு: "சட்டையை மாத்தினா ஆள் மாறிடுமா சார்?"

பிறகு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) பதினேழு மனம் மாறி வந்து, "இருக்கட்டும்கா, வெச்சுக்கோங்க" என்கிறது. [தேன் சொட்டுகிறது. வேண்டாம்.]

ஆ) நெறியாளர் மனமிளகி நீட்டிப்பு வாங்கித் தருகிறார். [அவர் கையில் இல்லாததை எப்படித் தருவார்?]

இ) எழுத்தாளன் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறான்.

இந்த மூன்றாவது கற்பனை இல்லை. பக்கங்களைத் திருப்பிக் கொடுத்த அன்று "வேற காப்பி எடுத்தீங்களா சார்?" என்று அக்கா கேட்டபோது "இல்லம்மா" என்றேன். நான்கு பக்கங்கள் அகராதிக்கு அடியில் எட்டு நாள் இருந்தன. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினேழு சொன்ன கடைசி ஐந்து வரிகள் போல நான் முப்பது வருடத்தில் ஒன்றும் எழுதியதில்லை. அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை கிளம்பிப் போனேன். டோக்கன் எடுத்தேன், நாற்பத்திரண்டு. எனக்கு முன்னால் விடுதிச் சாவியைத் தொலைத்தவன் ஒருவன், தேர்வு எழுதப் போகவே பயமாக இருக்கிறது என்று ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு அக்கா தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். மேஜையில் நாலாம் அத்தியாயம் விரிந்து கிடந்தது. டோக்கனுக்கும் டோக்கனுக்கும் இடையில் இரண்டு வரி எழுதுகிறார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

நாற்பத்திரண்டு வந்தது. பக்கங்களை நீட்டினேன்.

அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நான்கையும் எண்ணிப் பார்த்து, காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக விட்டார். அழித்த தாள்களைப் பதியும் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றார். போட்டேன்.

"அடுத்தது, நாப்பத்து மூணு."

6

பதினாறு பேரை வைத்து வேறொரு கதை எழுதிக் கொடுத்தேன். சுமார்தான்.

பொதுமக்கள் நாளன்று இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். என் கதைக்குப் பக்கத்தில், பதினாறு பேர் சொன்னவை பதினாறு பலகைகளில். யாரோ ஒருவர் முதல் பலகையிலிருந்து கடைசிவரை மெதுவாகப் படித்துக்கொண்டே போனதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. கடைசிப் பலகைக்கு அப்பால் வெறும் சுவர். அங்கே கொஞ்ச நேரம் நின்று, பிறகு விரல்விட்டு எண்ணியபடியே முதல் பலகைக்குத் திரும்பி வந்து, நேரே அக்காவிடம் போவது தெரிந்தது.

"தேங்க்ஸ்க்கா."

அக்கா "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆள் திரும்பினால் முகம் எனக்கு நேராக இருக்கும். நானோ முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன். குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தேன். கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன். காலடி ஓசை என்னைத் தாண்டி வாசல்வரை போய் ஓயும்வரை நிமிரவில்லை.

[அக்காவின் குறிப்பு: "அன்னைக்குத் தேங்க்ஸ் சொன்னவங்க நாப்பது பேராவது இருப்பாங்க. இது இருக்கட்டும்."]

7

மாதக் கடைசியில் ஆய்வேடு போய்விட்டது. நாலாம் அத்தியாயம் மொத்தமே பதினொரு பக்கம். பதில் இன்னும் வரவில்லை. ஏற்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடமும் கேட்டுவிட்டேன். "எழுதிக்கட்டும் சார். கொஞ்சம் நல்லபடியா எழுதச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

பதினேழை மட்டும் தொடாதீர்கள். அந்தக் கடைசி ஐந்து வரிகள் எனக்கு ஒரு சொல் விடாமல் மனப்பாடம். அவற்றை எந்த இயந்திரத்திலும் போட முடியவில்லை. தினமும் காலையில் எழுத உட்காரும்போது அவைதான் முதலில் வந்து நிற்கின்றன.

இன்றும் வந்தன. எழுதவில்லை.