ரப்பர் மூடி போட்ட கம்பு

திருவிருந்துக்கு முழங்காலிட்டவர்கள் எழுந்தபோது நேசையன் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து, அடுத்திருந்தவர் தோளைப் பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு மரத்தடுப்பின்மேல் போய் விழுந்தார். கிண்ணம் உருளவில்லை, அந்த மட்டும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் சபை முழுக்கப் பார்த்துவிட்டது. "ஒரு மடக்குத் திராட்சரசத்துக்கே இந்த ஆட்டமா" என்று இளவட்டம் ஒன்று முணுமுணுத்தது பெண்கள் பக்கம் பாயில் இருந்த தாசம்மாள் காதில் தெளிவாக விழுந்தது. கட்டின புருஷனைப் பற்றி இப்படி ஒரு பேச்சைக் கேட்பதற்கா காலையில் எழுந்து குளித்து வந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வாசலிலேயே மடக்கிக்கொண்டார். "நேசையா, ஞாயித்துக்கிழமையாவது விட்டு வைக்கப்படாதா?" என்றார். பக்கத்தில் திரவியம் மேஸ்திரி நின்றார். கட்டட வேலையில் நேசையனைச் சாரத்தில் ஏற்றிக் கூலி கொடுக்கிற மனுஷர். தாசம்மாள் புருஷன் வாயையே பார்த்தாள். கல்யாணம் கட்டிய நாள்முதல் அந்த வாயில் கள் வாடை அடித்ததில்லை. இல்லை அய்யா என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. நேசையனோ தலையைச் சொறிந்துகொண்டு, "தப்புதான் அய்யா, மன்னிக்கணும்" என்றார். மேஸ்திரி சிரித்தபடி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கரமனையில் வாடகை வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டாள்.

"குடிக்காத மனுசன் எதுக்குக் குடிச்சேண்ணு ஒத்துக்கிட்டீங்க?"

"குடிகாரன்னா ரெண்டு ஏச்சு ஏசிட்டு மறுநாளும் சாரத்துல ஏத்துவாரு. தலைசுத்துகாரன்னா ஏத்துவாரா? நீயே சொல்லு பிள்ளே."

காதுக்குள் கோளாறு, அதுதான் நிலை தப்புகிறது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது அவளும் கூட இருந்தாள். மாத்திரை சாப்பிடு, கம்பு ஊன்றி நட, உயரத்தில் ஏறாதே என்றார். மாத்திரையை மட்டும் நேசையன் ஒத்துக்கொண்டார். பெர்ஷியா என்று சொல்கிற வளைகுடா நாடுகளிலிருந்து வருகிற பணத்தில் திருவனந்தபுரம் முழுக்க வீட்டின்மேல் வீடாக எழும்பிக்கொண்டிருந்த காலம். சாரத்தில் நிற்கத் தெரிந்த கொத்தனாருக்கு மவுசு. தரையில் நிற்கிறவனை எவன் தேடுகிறான்? ரெண்டு பெண்பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சுசீலாபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குடியின் பிடியில் கிடக்கும் ஒரு சகோதரனுக்காக உருக்கமாக மன்றாடினாள். பெயர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தாசம்மாளும் சேர்ந்து ஆமென் சொன்னாள். சொன்ன வாய் வீடு வரைக்கும் கசந்தது.

மறுநாள் சாலைக்கடைத் தெருவுக்குப் போனாள். குடையும் கம்பும் விற்கிற கடை. வெள்ளிப் பூண் போட்டது, ஈட்டி மரத்தில் யானைத்தலை செதுக்கியது என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். அதெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிற கம்பு. அவள் வளைந்த பிடி வைத்த பிரம்பு ஒன்றை எடுத்துத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுப் பார்த்தாள். தாங்கியது.

"ஆளெக் கொண்டு வரணும் அம்மே. பொக்கம், உயரம் நோக்காதெ எடுத்தா முதுகு வளைஞ்சு போகும்" என்றார் கடைக்காரர். "பிடி மணிக்கட்டு அளவுக்கு வரணும்."

ஆளை எங்கே கொண்டுவர? தாசம்மாள் யோசித்தாள். கரமனைப் பாலத்தில் சேர்ந்து நடக்கும்போது பஸ் போகிற பக்கம் அவர்தான் வருவார். தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு அவள் இடுப்பில் சேலை செருகிய இடத்தில் வந்து இடிக்கும். இப்போது சில மாதமாக அவளை ரோட்டுப் பக்கம் விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே வருகிறார். அதை நினைத்ததும் கடை என்றும் பாராமல் கண் நிறைந்துவிட்டது. சேலை செருகிய இடத்தில் விரலை வைத்து, "இந்த மட்டுக்கு அறுத்துத் தாங்க" என்றாள். கடைக்காரர் அறுத்து, நுனியில் ரப்பர் மூடி மாட்டிக் கொடுத்தார். சத்தம் வராது, வழுக்காது என்றார்.

நேசையன் கம்பை வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி நுனிவரை பார்த்தார், சுவருக்கு நூல் பிடிக்கிற மாதிரி.

"கோட்டம் இருக்கு."

"இத வச்சுச் சுவரா எழுப்பப் போறீங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தார். அளவு அச்சாக இருந்தது. அடுக்களையிலிருந்து வாசல்வரை ஒரு தடுமாற்றம் இல்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது கம்பை உத்திரத்தில் மாட்டிவிட்டுப் போனார். தினமும் இதே கதைதான்.

ஒருநாள் சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டார் என்று தாசம்மாள் வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டு போனாள். மழை விட்டிருந்தது, சாரத்து மூங்கிலெல்லாம் நனைந்து பளபளத்தது. மூன்றாம் மாடி உயரத்தில் நேசையன் ஒரு கையால் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மறுகையால் கல் வைத்துக்கொண்டிருந்தார். "நேசையன் அண்ணனுக்கு இண்ணைக்குக் கொஞ்சம் கூடுதல்" என்று கீழே ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மேலேயிருந்து அவரும் சேர்ந்து சிரித்தார். தாசம்மாள் பாத்திரத்தை மணல்மேட்டில் வைத்துவிட்டு, கூப்பிடவும் பயந்து, அப்படியே திரும்பினாள். கூப்பிட்டால் குனிந்து பார்ப்பாரே.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, மறுபடி திருவிருந்து. பிள்ளைகளையும் அவரையும் முன்னால் அனுப்பிவிட்டுத் தாசம்மாள் பின்னால் வந்தாள். சபை வாசலுக்கு உள்ளே மூலையில் நனைந்த குடைகள் சாய்ந்திருந்தன. வளைந்த பிடிகளோடு வளைந்த பிடியாகக் கம்பையும் சேர்த்து வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை.

ஆண்கள் வரிசையின் முறை வந்தது. நேசையன் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. நடைபாதை ஓரத்தில் திரவியம் மேஸ்திரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கம்பைப் பார்த்துவிட்டால் நாளைக்குச் சாரம் இல்லை. பார்க்காவிட்டால் நாளைக்கும் சாரம் உண்டு. தாசம்மாள் எழுந்து மூலைக்குப் போய்க் கம்பை எடுத்து, பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கம் கடந்து வந்து அவர்முன் நீட்டினாள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஜெயபாய் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கு வேலை?" என்றார் நேசையன் உதட்டுக்குள்.

"நாளைக்கு எனக்கு நீங்க வேணும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு இடது கையால் வாங்கினார். வலது கை அப்பம் வாங்கவேண்டிய கை. கம்பை ஊன்றி ஓரடி வைத்தார், இன்னோரடி வைத்தார். சிமிண்டுத் தரையில் சத்தமே இல்லை. சபை முழுக்கச் சிரிப்பு அடங்கியிருந்தது. மேஸ்திரி திரும்பி, ரப்பர் மூடியிலிருந்து மெதுவாக மேலே, பிடியை இறுக்கியிருந்த சுண்ணாம்பு தின்ற விரல்கள்வரை பார்த்தார். பிறகு முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டார்.